தாழிக்குள் இருந்தவர் கழுத்தை நெரிக்க மாட்டார்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை ஜெயபிரகாஷுக்கு, அத்தான் திருமூர்த்தி எழுதிக்கொண்டது. உன் அக்கா வசந்தாமணி நலம். உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க முருகன் துணை. நான் நலமாக இல்லை.

நேற்று மத்தியானம் மகள் தாமரைச்செல்வி எங்களையும் பேத்தி வெண்பாவையும் இந்த அமெரிக்க ஊர் நூலகத்துக்கு டிரைவ் பண்ணிக் கூட்டிப் போனாள். ஹாலோவீன் மாதமாம், பழைய காலத்துப் பேய்க்கதை வாசிப்பார்களாம். பாட்ரீசியா என்கிற அம்மாள் வாசித்தார். விக்டோரியா மகாராணி காலத்தில் ஒரு துரை நம் திருநெல்வேலிப் பக்கம் ஆற்றங்கரையைத் தோண்டி, முதுமக்கள் தாழி ஒன்றை எடுத்து, உள்ளே இருந்த மண்டையோட்டை லண்டனுக்குக் கொண்டுபோய் மேஜைமேல் வைக்கிறான். அதுவரை பொறுத்தேன். அப்புறம் தாழிக்காரர் உடம்பெல்லாம் கட்டுப் போட்டுக்கொண்டு கப்பலேறிப் போய்த் துரையின் கழுத்தை நெரிக்கிறாராம்! தொல்லியல் துறையில் முப்பத்தொரு வருஷம் தாழி தாழியாக வரைபடம் போட்டவன் நான், ஒருத்தருக்காவது கட்டுப் போட்டிருந்ததா? எழுந்துவிட்டேன். "மேடம், அது எகிப்து! எங்க ஆளு பக்கத்துல நெல்லு வச்சுக்கிட்டு, முழங்காலை மடக்கி நிம்மதியா இருந்தாரு. திருடினவன் ஜென்டில்மேன், பறிகொடுத்தவரு பேயா?" என்று இங்கிலீஷும் தமிழுமாகக் கத்தினேன். கூட்டம் என்ன செய்தது தெரியுமா? கை தட்டியது! நானும் நிகழ்ச்சியில் ஒரு பகுதியாம். முன்வரிசைக் கிழவர் என் வேட்டியைக் காட்டி "கிரேட் காஸ்ட்யூம்" என்கிறார். "உக்காருங்கப்பா, என் ஆபீஸ்காரங்க இருக்காங்க" என்று தாமரை பல்லைக் கடிக்கிறாள். "தாத்தா, இட்ஸ் ஜஸ்ட் எ ஸ்டோரி"ங்குது வெண்பா. உங்கக்கா சிரிச்ச சிரிப்புல அவளுக்கு இருமலே வந்துட்டு. வீடு வர்ற வரைக்கும் கார்ல ஒருத்தரும் எங்கூடப் பேசல. செத்து ரெண்டாயிரம் வருஷமானவருக்காக ஒருத்தன் வாயைத் திறந்தது தப்பா மாப்ளே? இவங்களோட இனிமே ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன். டிக்கெட்டை மாத்தச் சொல்லிட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை தூத்துக்குடி ஏர்போர்ட்டுக்கு வண்டி எடுத்துட்டு வந்துரு. தபால்ல போட்டா நேரத்துக்கு வராது, லெட்டரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புறேன்.

பிள்ளைகள் நோய்நொடியில்லாமல், நல்ல படிப்போடு வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
மனம் நொந்த அத்தான்,
திருமூர்த்தி

பி.கு.: ஏர்போர்ட்டுக்கு வர வேண்டாம். பாட்ரீசியா அம்மாள் இப்போதுதான் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டார். அடுத்த சனிக்கிழமை தாழியைப் பற்றி நானே பேச வேண்டுமாம். கொஞ்சம் பயமாகவும் இருந்தால் நல்லது என்றார். தாழிக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வருவதாக ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். ஒரே ஒரு பெருமூச்சுதான்.