நாலாவது சம்மனசை அனுப்பும்வரை

நான் அன்றைக்குச் செய்தது பிழை என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். செத்தல் மிளகாயின் அளவு மட்டும்தான் பிழை.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனாலும் புலம்பெயர்ந்து வந்த இந்த மில்லிக்கனில் எங்கள் செபமாலைக் கூட்டத்தைப் பதினொரு வருடம் முன்னின்று நடத்தினேன். மாதா பிரார்த்தனை முழுவதையும் புத்தகம் பாராமல் சொல்லுவேன். (அந்தப் பெருமை அப்போது எனக்குக் கொஞ்சம் கூடத்தான். மாதா சுருவத்துக்குப் பூ வைக்க வருகிறவர்களையும் வரிசையில் நிற்க வைப்பேன்.)

பக்கத்து வீட்டு டொரீன் வெள்ளைக்காரி. என் வயதுதான். ஞாயிறு பூசை தவறவிடமாட்டாள். பூரணை வந்தால் பின்வளவில் உப்பால் வட்டம் போட்டு, மெழுகுதிரி கொளுத்தி, நாலு திசைக்கும் நாலு சம்மனசுகளை, அதுதான் தேவதூதர்களை, கூப்பிடுவாள். நிலவைக் கும்பிடுகிற அந்த மந்திர வழிபாட்டுக்கு விக்கா என்று பெயராம். தனக்கு யேசுவும் வேண்டும், நிலவும் வேண்டும் என்றாள். எனக்கு அது புதினமாகத் தெரியவில்லை. கழுத்தில் மாதா பதக்கத்தைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளுக்குக் கண்பட்டால் நாவூறு கழித்தவள்தானே நான்.

மகள் செலின் யூனியன்வில்லில் வீடு வாங்கிக் குடிபோன மாதமே மருமகன் படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். மகளுக்கு நித்திரை இல்லை.

"அம்மா, இந்த வீடு எங்களுக்குச் சரிவராது. வித்துப்போட்டுப் போவம்," என்று அழுதாள்.

கண்பட்டுவிட்டது என்று எனக்கு விளங்கியது. (யாருடைய கண் என்றும் விளங்கியது. குடிபூரலுக்கு வந்த சம்பந்தி குசினியைப் பார்த்த பார்வை அப்படி.)

சனிக்கிழமை எங்கள் பங்குச் சுவாமியார் வந்து வீடு மந்திரிப்பதாக ஏற்பாடு. அவரை ஏற்றிவர மகள் காரில் போனாள். அவர் வருமுன் கண்ணை எடுத்துவிட்டால் ஆசீர்வாதம் துப்பரவான வீட்டில் இறங்குமே என்று நான் டொரீனைக் கூட்டி வந்திருந்தேன்.

யன்னல் எல்லாம் சாத்தினோம். முன்னறை நடுவில் உப்பு வட்டம், நாலு மெழுகுதிரி, உள்ளே டொரீனின் மூன்று கால் இரும்புச் சட்டியில் கரிநெருப்பு. அவள் மிக்கேல், கபிரியேல், ரபேல், ஊரியேல் என்று திசைக்கு ஒருவராகக் கூப்பிட்டாள். நான் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு மிளகாயைச் சுற்றிப் போட்டேன். ஐந்தாறு போதும். நான் இரண்டு கையாலும் அள்ளினேன்.

புகை எழும்பியது. கூரையில் இருந்த அலாரம் கத்தத் தொடங்கியது. கதிரையில் இருந்த மருமகன் ஒற்றைக் காலில் துள்ளி வாசலுக்குப் போய்விட்டார்.

"மாமி, ஓடி வாங்கோ!"

ஓடத்தான் பார்த்தேன். டொரீன் கையைப் பிடித்துக்கொண்டாள். கூப்பிட்ட சம்மனசுகளுக்கு ஒவ்வொருவராக நன்றி சொல்லி அனுப்பாமல் வட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாதாம். எனக்கு அது நியாயமாகப் பட்டது. வீட்டுக்கு அழைத்தவர்களை வழியனுப்பாமல் நாங்கள் முதலில் ஓடுவதா? நின்றேன்.

ஒரு பெயருக்கு இருபது இருமல். தீயணைப்புக்காரர் உள்ளே வந்தபோது மூன்றாவது சம்மனசில் நின்றோம். இரண்டு கிழவிகள், கைகோத்தபடி, கண்ணாலும் மூக்காலும் ஒழுக. வெளியே வரச்சொல்லிக் கத்தினார். "வன் மோர்," என்று விரலைக் காட்டினேன். பாவம், இன்னும் ஓராள் உள்ளே இருக்கிறது என்று நினைத்து அவர் மேல்மாடிக்கு ஓடினார்.

ஊரியேலையும் அனுப்பிவிட்டு வெளியே வந்தால், தீயணைப்பு வண்டிக்குப் பக்கத்தில் மகளும் சுவாமியாரும். மகள் என் காதுக்குள் சொன்னாள்:

"அம்மா, தூளுக்கு மிளகாய் வறுத்தனான் எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டி செபமாலையால நிப்பாட்டிப்போடுவார்."

நம்பக்கூடிய பொய்தான். என் பதினொரு வருடமும் அதில் தப்பியிருக்கும். என்றாலும் நாலு சம்மனசுகளை அப்போதுதான் அனுப்பிவிட்டு வந்த வாய் அதற்கு வளையவில்லை.

"நாவூறு கழிச்சனான் சுவாமி. இவ சம்மனசுகளைக் கூப்பிட்டவ. ரெண்டு பேரும் சேந்துதான் செய்தனாங்கள்."

அவர் முகம் கறுத்தது. "செபமாலை சொல்லுற ஆள் சூனியக்காரர் மாதிரி உப்பும் புகையும் போடலாமே அம்மா?"

"உப்பு நீங்களும் மந்திரிக்கிறியள். திரி நீங்களும் கொளுத்துறியள். புகை நீங்களும் போடுறியள். என்ர புகை கொஞ்சம் உறைப்பு, அவ்வளவுதான்."

பதில் சொல்ல வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

அடுத்த கிழமை செபமாலை சொல்ல வேறொருவரை வைத்தார்கள். அவ புத்தகம் பார்த்துத்தான் சொல்லுவா. நான் பின்வரிசையில் இருந்து, பாராமல், அவவைவிடச் சத்தமாகச் சொல்லுகிறேன். எனக்குப் பக்கத்தில் டொரீன்.

கண்பட்டிருந்தால் மிளகாய் நெடி அடிக்காது என்பது எங்கள் கணக்கு. அன்றைக்குத் தெருவே இருமியது. ஆகவே கண்ணே இல்லை. சம்பந்தியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். (வாயால் கேட்கவில்லை. அவ்வளவு தேவையில்லை.) மகள் அன்றைக்கு வாசல்படியில் இருந்து அழத் தொடங்கி, சிரித்து முடித்தாள். அந்த வீட்டை விற்கிற கதையை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

இன்றைக்கும் அங்கே போய்விட்டுப் புறப்படும்போது நான் கதவடியில் நின்று கதை வளர்த்தால், மருமகன் கார்த் திறப்பைக் கிலுக்கிக்கொண்டு கேட்பார்:

"மாமி, இப்ப எத்தினையாவது சம்மனசு?"

"பொறுங்கோ தம்பி," என்பேன். "இப்பதான் ரெண்டாவது."