நெட் தின்னிக்கு ஒரு சட்டம்

அன்று காலை கணக்காளர் வீட்டில் ஒரு புதிய சட்டம் பிறந்தது. காரணம் மேனேஜர். "இன்னொரு தடவை மீட்டிங் நடுவுல உங்க முகம் அசையாம நின்னுச்சுன்னா, நாளையிலேருந்து தினமும் ஆபீசுக்கே வந்துடுங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டில் லுங்கியோடு வேலை பார்த்துச் சுகம் கண்டவர் உடனே மனைவியிடம் அறிவித்தார்.

"நெட்டை யார் அதிகமா திங்கிறாங்களோ, அவங்களுக்கு ரூட்டர்ல வேகத்தைக் குறைக்கப் போறேன். தயவு தாட்சண்யமே கிடையாது!"

மனைவி ஆன்லைனில் தையல் சொல்லித் தருபவள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்!"

"மீட்டிங் முடிஞ்ச பிறகும்?"

"எப்பவும். சட்டம்னா சட்டம்தான்."

"ரொம்ப நியாயங்க."

இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டபோதே மனுஷர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. போனில் ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தார். சாதனங்களுக்குப் பெயர் இல்லை, வெறும் எண்கள். அதில் ஒன்று மட்டும் மற்ற எல்லாம் சேர்ந்து தின்றதைப் போலப் பத்து மடங்கு விழுங்கியிருந்தது. 'மாட்டினாங்க டீச்சரம்மா' என்று மீசைக்குள் சிரித்தபடி, அதன் வேகத்தை நத்தைக்கும் கீழே இறக்கினார்.

மீட்டிங் தொடங்கியது. லேப்டாப்பில் மேனேஜர் வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"ஏய், சீக்கிரம் வாயேன்! என் கதை முடிஞ்சுது!"

வந்தாள். தன் போனில் எதையோ இரண்டு தட்டு தட்டினாள்.

"அந்த நம்பர் உங்க லேப்டாப்புதாங்க. பொழுது விடிஞ்சா அதுல கிரிக்கெட்டு. பின்ன யாரு திங்கிறதாம்?"

வேகக் கட்டுப்பாடு போனது. மேனேஜரின் வாய் மூடியது.

"சாரி, என் பக்கம்தான் ஏதோ கோளாறு போல" என்று அவரே வருத்தப்பட்டுக்கொண்டார்.

கணக்காளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மீட்டிங் முடிந்ததும் மனைவியைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். அன்று முழுவதும் அவருக்குக் கால் தரையில் படவில்லை.

மாலையில் மேட்ச். காலை நீட்டிச் சாய்ந்து லேப்டாப்பைத் திறந்தார். ஓடி வந்த பந்துவீச்சாளன் ஒற்றைக் காலில் நின்றுவிட்டான். பதறிப்போய் போனில் ரூட்டரின் செட்டிங்ஸைத் திறக்கப் பார்த்தார். பாஸ்வேர்ட் மாறியிருந்தது.

"என்னடி பண்ணி வெச்சிருக்கே?"

தையல் மிஷின் ஒரு கணம் நின்றது.

"நானா? நீங்க போட்ட சட்டத்தை எடுத்த இடத்துலயே திரும்ப வெச்சேன், அவ்வளவுதாங்க."