மொந்தன் மிஸ்

வாழைக்காயை எங்கள் மொந்தன் மிஸ் அளவுக்குத் தலையில் தூக்கி வைத்து ஆடிய மனிசி வன்னியில் முன்னும் இல்லை, இனிப் பிறக்கப் போவதும் இல்லை.

வவுனியாவில் நான் தங்கிப் படித்த பெண்கள் விடுதிக்கு அவாதான் பொறுப்பு. சொந்தப் பெயர் என்னவென்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. மொந்தன் என்பது கறிக்கு எடுக்கிற தடித்த வாழைக்காய். விடுதிக்குப் பின்னால் அவாவே நட்டு வளர்த்த மொந்தன் தோட்டம் இருந்தது. காலமை பாணோடு வாழைக்காய்ப் பால்கறி. மத்தியானம் வாழைக்காய்ப் பொரியல். இரவு புட்டோடு வாழைப்பொத்தி என்கிற பூவில் வறை. உரித்த தோலைக்கூட விடமாட்டா, அவித்து அரைத்துச் சம்பலாக்கிவிடுவா. தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவா என்பதால் கறியோடு சொல் விளக்கமும் பரிமாறப்படும்.

“வாழ் எண்ட சொல்லிலயிருந்துதான் வாழை வந்தது. இலை, பூ, காய், தண்டு எல்லாத்தையும் குடுத்திட்டு, பக்கத்தில குட்டியையும் விட்டிட்டுப் போகுது. அதுக்குப் பேர்தான் பிள்ளையள் வாழுறது.”

நாங்கள் குனிந்து, கறி எப்போது குறையும் என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

கடைசியில் பொறுக்க முடியாமல் செட்டிகுளத்து விஜி தலைமையில் போராட்டம் தொடங்கினோம். பெரிய மட்டையில் ‘வாளைக்காய் வேண்டாம்’ என்று எழுதிப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு அறை வாசலில் நின்றோம். மிஸ் வந்தா. வாசித்தா. முகம் சிவந்தது.

“ஆர் எழுதினது?”

“நான்தான் மிஸ்,” என்றாள் விஜி. மட்டையை இன்னும் உயர்த்திப் பிடித்தாள்.

“வாளை எண்டால் மீன். மீனில எங்கையடி காய் காய்க்குது? வாழ எண்டு எழுதத் தெரியாமல் நீ எப்பிடி வாழப் போறாய்?”

சிவப்புப் பேனையை எடுத்து ‘ளை’யை வெட்டி ‘ழை’ போட்டு, மட்டையைத் திருப்பிக் கொடுத்தா.

“இப்ப பிடியுங்கோ. பிழையான தமிழில என்னை ஒருத்தரும் எதிர்க்கக் கூடாது.”

அன்றும் வாழைக்காய்தான். ஆனால் கருவாடு போட்டிருந்தது. பாதி வெற்றி என்று விஜி அறிவித்தாள்.

அந்த மாரியில் மழை விடாமல் அடித்தது. குளங்கள் நிரம்பி வான் பாய்ந்து ரோட்டெல்லாம் வெள்ளம். மரக்கறி லொறி வரவில்லை, கடைகள் பூட்டு. பக்கத்துப் பள்ளத்துச் சனம் பிள்ளை குட்டிகளோடு எங்கள் விடுதி மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. அரிசி இருந்தது. கறிக்கு ஒன்றுமில்லை.

முற்றாத குலையை விரலால் தொட்டுப் பார்த்தாலே சத்தம் போடுகிறவா மிஸ். அன்று சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் கத்தியோடு இறங்கினா. பிஞ்சு, முற்றல் பாராமல் குலை குலையாக வெட்டித் தர, நாங்கள் வரிசையில் நின்று குசினி அடுப்படி வரைக்கும் கைமாற்றினோம்.

விஜி மெல்லக் கேட்டாள்: “எல்லாத்தையும் வெட்டுறீங்களே மிஸ், கவலையா இல்லையா?”

“கவலைதான். தண்ணிக்குள்ள நிண்டு அழுகிப்போறதைவிடச் சனத்தின்ர வயித்துக்குள்ள போகட்டும். பிடி பிள்ளை.”

பெரிய கிடாரத்தில் கறி கொதித்தது. மண்டபத்தில் ஒரு பெரியவர் திரும்பவும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “ஆர் மோனை இதைச் சமைச்சது?” என்றார்.

கரண்டியோடு நின்ற விஜி நெஞ்சை நிமிர்த்தி, “எங்கட மிஸ்,” என்றாள். ஏதோ மிஸ்ஸைத் தானே பெற்று வளர்த்துவிட்டவள் போல. அன்று எங்கள் எல்லோருக்கும் அந்த நிமிர்வு இருந்தது.

வெள்ளம் வடிந்து பஸ் ஓடத் தொடங்கியதும் எங்கள் ஊர் உருத்திரபுரத்திலிருந்து அம்மா ஓடி வந்தா. என் முகத்தைத் தடவிப் பார்த்து, “தனிய நிண்டு பயந்து போனியோ பிள்ளை?” என்று கேட்டா.

“இல்லையம்மா,” என்றேன். “மிஸ் நிண்டவா.”