ஓசைப்படாத தோட்டாவும் ஓயாத வாயும்

மௌனத்தைப் பற்றி மூச்சு விடாமல் பேசக்கூடிய ஓர் இனம் எங்கள் ஒட்டாகோ பள்ளத்தாக்கில் உண்டு. சத்தமில்லாத் துப்பாக்கி நிபுணர் என்று பெயர். முயல் இருக்கிற ஊரில் இவர் நிச்சயம் இருப்பார். முயல் தீர்ந்துபோன ஊரிலும் இருப்பார், ஏனென்றால் முயலுக்கும் இவருக்கும் அப்படியொன்றும் பெரிய தொடர்பு கிடையாது.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். மணி என்ன என்று கேளுங்கள். ஒலியின் வேகம் என்ன என்று சொல்வார். சாதாரணத் தோட்டா ஒலியை முந்திக்கொண்டு பாய்வதால்தான் 'பட்டீர்' என்று காற்றைக் கிழிக்கிறதாம். ஒலியைவிட மெதுவாகப் போகிற தோட்டாவை சைலன்ஸர் மாட்டிய துப்பாக்கியில் போட்டுச் சுட்டால், தேவாலயத்தில் இருமலை அடக்கிக்கொண்டவர் மாதிரி 'புஸ்' என்பதோடு சரியாம். இதை அவர் தபாலாபீஸில் சொல்வார், ஆணி வாங்கப் போன கடையில் சொல்வார், துக்க வீட்டில் வாய் நிறைய சீஸ் ரோலை வைத்துக்கொண்டு, செத்தவருடைய அண்ணனிடமே சொல்வார். யார் தடுக்க முடியும்?

எங்கள் பகுதிக்கு வாய்த்தவர் பெவன் டல்லக். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு சடங்கு நடத்துவார். மனைவி கெய்லீன் துணி காயப்போடுகிற கொடியருகே முதுகைக் காட்டி நிற்க வேண்டும். இவர் ஷெட்டுக்குப் பின்னாலிருந்து மண்மேட்டைப் பார்த்துச் சுடுவார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"என்னது கேட்டுச்சு?"

"நீ கத்தினது."

"அதில்லம்மா, துப்பாக்கி!"

"ஓ, சுட்டுட்டியா?"

அவ்வளவுதான், மனிதருக்கு அந்த வாரம் முழுக்கத் தலைகால் புரியாது.

இவரிடம்தான் ஷோனா போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்ந்தவள், இனித் தன் காலம் இதோடுதான் என்று இருநூறு ஆப்ரிகாட் கன்றுகளை நட்டிருந்தாள். எங்கள் பக்கத்துக் குளிர்காலமான ஆகஸ்ட் மாத உறைபனியில் புல் கருகிப்போக, முயல்கள் கன்றுகளின் பட்டையைச் சுற்றிவரக் கொறிக்க ஆரம்பித்தன. சுற்றிலும் பட்டை போன கன்று போனதுதான். ஒரு நாளைக்கு நாலு, ஐந்து. அப்பா விட்டுப்போன துப்பாக்கி இருக்கிறது, சைலன்ஸர் இருக்கிறது, லைசென்ஸும் இருக்கிறது. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு நைரியின் நிறைமாதக் குதிரை. போன வாரம் ஒரு பழைய கார் 'டப்' என்றதற்கே மிரண்டு ஓடிக் கம்பியில் நெஞ்சைக் கிழித்துக்கொண்டது. இன்னொரு தடவை மிரண்டால் குட்டி தங்காது என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆகவே மெதுவாகப் போகும் தோட்டாதான் வேண்டும். கடைக்காரரிடம் கேட்டாள். "பெவன் இருக்கறப்ப என்கிட்ட எதுக்குக் கேக்கற?" என்று அவர் கையை விரித்துவிட்டார்.

"எந்தப் பெட்டி வாங்கட்டும், பெவன்?" இதுதான் ஷோனாவின் கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி.

"அவசரப்படாத ஷோனா. உட்காரு. இதுல எத்தனையோ வழி இருக்கு."

திங்கட்கிழமை அவர் சிறிய தோட்டாவின் பெருமையைச் சொன்னார். மலிவு, ஓசை கம்மி, ஆனால் சீக்கிரம் தாழ்ந்துவிடும். புதன்கிழமை பெரிய குழல், கனத்த தோட்டா; ஆனால் அதற்குக் குழலின் உள்ளே தோட்டாவைச் சுழற்றிவிடும் முறுக்கு வரி இன்னும் நெருக்கமாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி வந்தது. அது இந்தத் தோட்டாவின் சோம்பேறி வேகத்துக்குப் பாதியில் சிக்கிக்கொள்ளும் என்று அவரே அதைத் தள்ளியும் வைத்தார். அடுத்த வாரம் படம் போட்டு, கோடு இழுத்து, தோட்டா எங்கே எவ்வளவு தாழும் என்று பதினோரு தடவை விளக்கினார்.

"பெவன், நேத்து மட்டும் எட்டுக் கன்னு போச்சு."

"எட்டா! எவ்வளவு தூரத்துலேர்ந்து வருதுங்க? தூரத்தப் பொறுத்துத்தான் எல்லாமே இருக்கு."

காலையில் வரிசை வரிசையாக நடந்து, எலும்பு மாதிரி வெளுத்து நின்ற தண்டுகளைத் தொட்டுப் பார்த்தபோது ஷோனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. முயல் பசிக்குத் தின்கிறது, அதைக்கூட மன்னிக்கலாம். இந்த ஆள் எதற்காக என் உயிரை எடுக்கிறார்? இருநூறு கன்று நூற்று நாற்பத்தாறாகியிருந்தது.

"சனிக்கிழமை சாயங்காலம் வர்றீங்க. வந்து சுடறீங்க. இல்லேன்னா நான் சத்தம் போடற தோட்டாவையே வாங்கிடுவேன்" என்றாள்.

வந்தார். அவருடைய துப்பாக்கி, பாய், பைனாகுலர், காற்று பார்க்க ஒரு நூல், மூன்று வகைத் தோட்டாப் பெட்டி, எல்லாம் வந்தன. நைரி வேலியோரம் குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொழுது சாய, மேட்டுச் சரிவின் அடியில் ஒரு முயல் வந்து நிதானமாகப் பட்டையில் வாயை வைத்தது. பெவன் குப்புறப் படுத்தபடி அடுத்து நடக்கப்போவதை ரகசியமாக விளக்கினார். அவருடைய ரகசியம் வேலியைத் தாண்டிப் போயிற்று.

"யோவ் பெவன், வாய மூடுய்யா! குதிர மெரளுது!" என்றாள் நைரி.

சுட்டார். 'புஸ்.' அபாரம்! குதிரை காதைக்கூட அசைக்கவில்லை. முயலும்தான். ஆனால் வரிசையோரம் கிடந்த கறுப்புத் தண்ணீர்க் குழாயிலிருந்து ஆளுயரத்துக்கு நீர் பீய்ச்சியது. வேகமான தோட்டாவுக்கென்று குறி வைத்திருந்த துப்பாக்கியில் மெதுவான தோட்டாவைப் போட்டிருக்கிறார். அது நாலு விரற்கடை தாழ்ந்து குழாயில் இறங்கிவிட்டது. படம் போட்டுப் பதினோரு தடவை விளக்கினாரே, அதே நாலு விரற்கடை! ஊருக்குத்தானே உபதேசம்?

"இதுக்குக் காரணம் என்னன்னா..." என்று பெவன் எழுந்து உட்கார்ந்தார்.

ஷோனா காரணம் கேட்க நிற்கவில்லை. ஓடிப்போய்த் தண்ணீரை அடைத்தாள். அவருடைய பெட்டிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்து அப்பாவின் துப்பாக்கியைக் கொண்டுவந்தாள். சரிவில் ஒரு காகிதத்தைக் குத்தி, முயல் நின்ற அதே தூரத்திலிருந்து மூன்று தடவை சுட்டு, தோட்டா எங்கே விழுகிறது என்று பார்த்து, குறிபார்க்கும் கண்ணாடியைத் திருகிக் குறியை உயர்த்தினாள். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். கால் மணி நேரத்தில் முயல் திரும்பி வந்தது. 'புஸ்.' முயல் விழுந்தது. குதிரை புல்லைத் தேடிக்கொண்டிருந்தது.

பெவன் டல்லக் ஒரு முழு நிமிஷம் பேசவில்லை. பள்ளத்தாக்கில் அப்படியொரு அமைதியை யாரும் கேட்டதில்லை.

"காத்து உனக்குச் சாதகமா இருந்துச்சு" என்றார் அப்புறம்.

அன்றைக்கு ஆறு முயல், மறுநாள் ஒன்பது. அதற்குப் பிறகு ஒரு கன்றுகூடப் போகவில்லை. நூற்று நாற்பத்தாறும் செப்டம்பர் வசந்தத்தில் பூத்தன. போன ஐம்பத்து நாலும் பெவனுடைய அறிவுக்குக் கொடுத்த காணிக்கை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். துப்பாக்கியைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லையே, நமக்கென்ன என்கிறீர்கள். நல்லது. குழாயில் தண்ணீர் பீய்ச்சியபோது, 'கொஞ்சம் மேலே குறி வைத்திருக்க வேண்டாமா மனுஷன்?' என்று உங்கள் வாய் முணுமுணுத்ததா, இல்லையா? போகட்டும். இரண்டு வாரத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் உங்களிடம் ஒரு வரியில் பதில் கேட்டாரே. எது உத்தமமான வழி என்று நீங்கள் இன்னும் யோசித்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? எழுந்து போய்ப் பாருங்கள், அவரிடம் இன்னும் எத்தனை கன்று மிச்சமிருக்கிறது என்று.