ஓர் அங்குலம்

பெட்டி உள்ளே போகவில்லை.

ராய்ஸ் டேப்பை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். பிக்கப்பின் பின்தொட்டியில், டயர்களை மூடும் இரண்டு சக்கரக் கூடுகளுக்கும் நடுவே இருபத்தேழு அங்குலம். அண்ணன் டெல்மரின் சவப்பெட்டி இருபத்தெட்டு.

"எதை வெச்சு அளந்த?" என்று கேட்டார் ப்ரூயிட். ஈமச்சடங்கு நிலையம் அவருடையது. ராய்ஸோடு பள்ளியில் படித்தவர்.

"அவன் வெல்டிங் சட்டைய வெச்சு. தோளுக்குத் தோள் பத்தொன்பது. தாராளமா போவான்னு நெனச்சேன்."

"ஆள அளந்திருக்க. பெட்டிய அளக்கல."

"ஆமா."

வண்டி அறுபத்தாறாம் வருஷத்து செவர்லே பிக்கப். அப்பா வாங்கியது, அவருக்குப் பிறகு டெல்மருடையது. ஓக்லஹோமாவின் அந்தப் பக்கத்தில் விவசாயி கல்லறைக்குத் தன் வண்டியிலேயே போவான். அப்பாவும் அந்தத் தொட்டியில்தான் போனார்.

பின்னால் அகலச் சக்கரம் மாட்ட வேண்டும் என்பது டெல்மரின் இருபது வருஷ ஆசை. பந்தயக் கார் சக்கரம் மாதிரி, பீப்பாய் அகலம். அதற்குத் தொட்டியை வெட்ட வேண்டும். அதை ஒழுங்காக வெட்டத் தெரிந்தவர் ராய்ஸ் ஒருவர்தான். அப்பா படுத்துப் போன தொட்டியில் கட்டிங் மெஷின் வைக்க மாட்டேன் என்றார். வார்த்தை தடித்தது. இரண்டு வருஷம் பேச்சில்லை. பண்டிகை விருந்தில் இருவரும் மேஜையின் இரண்டு கோடியில் உட்கார்ந்து, உப்பு வேண்டுமென்றால் டெல்மரின் மனைவி நடீனிடம் சொல்லி அனுப்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை வைக்கோல் கொட்டகையில் டெல்மரின் இதயம் நின்றது.

அன்று மாலை ராய்ஸ் வண்டியை எடுக்க டெல்மர் வீட்டுக்குப் போனார். கராஜ் சுவரில் இரண்டு புதுச் சக்கரங்கள் சாய்ந்திருந்தன. நடீனுக்கே தெரியாது. நம்மைக் கேட்காமல் தானே வெட்டிக்கொள்ள முடிவு செய்துவிட்டான் என்று ராய்ஸுக்குப் புரிந்தது. பிறகு வீட்டுக்குப் போய் கட்டிங் மெஷினை எடுத்து வந்தார்.

மாட்டியபோது சக்கரங்கள் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஆக்சிலைக் குறுக்கினார். உள்ளே போன டயர் தொட்டியில் இடித்தது. தொட்டியை வெட்டித் தகட்டில் புதுக் கூடுகள் கட்டினார். டயருக்குக் கொடுத்த ஒவ்வோர் அங்குலமும் டெல்மரிடமிருந்து எடுத்தது. அது சனிக்கிழமை காலையில்தான் தெரிந்தது. பதினோரு மணிக்கு அடக்கம்.

ராய்ஸ் சுத்தியலால் கூடுகளை டயர் பக்கமாக அடித்து நெளித்தார். அரை அங்குலம் கிடைத்தது. தகடு டயரைத் தொட்டது. பெட்டியின் கைப்பிடிகளைக் கழற்றலாம் என்றார் ப்ரூயிட். கழற்றித் தள்ளினார்கள். பெட்டி பாதி தூரம் போய் இறுகிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பிடித்து இழுக்கக் கைப்பிடியும் இல்லை.

நடீன் பாத்திரம் கழுவும் சோப்பு கொண்டுவந்தாள். ஊற்றி இழுத்ததில் ஒரு பக்கம் முழுக்கக் கீறல்.

"பரவால்ல. உயிரோட இருந்தப்பவும் கதவுல இடிச்சிக்காம உள்ள வந்ததில்ல," என்றாள். பிறகு சோப்புக் கையோடு முகத்தை மூடிக்கொண்டாள்.

கடைசியில் கூடுகளின் மேல் பலகை போட்டு, பலகைமேல் பெட்டியை ஏற்றினார்கள். அது வண்டிக் கூரை உயரத்தில் நின்றது. காற்று பலமாக இருந்ததால் சரக்கு கட்டும் மஞ்சள் பட்டைகளால் இறுக்கினார்கள். பாதிரியார் வந்து பார்த்தார். வீடு மாற்றுகிறவர்கள் பிரிட்ஜ் ஏற்றின மாதிரி இருக்கிறது என்றார். சொன்ன பிறகு வருத்தப்பட்டார்.

வண்டி நடை வேகத்தில் போனது. இரண்டு பக்கமும் மும்மூன்று பேர் கையை உயர்த்திப் பெட்டியைப் பிடித்தபடி நடந்தார்கள். தகடு உரசி டயர் கருகும் நாற்றம் வழி முழுக்க வந்தது. ராய்ஸ் கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்தது. கூட்டம் சர்ச் சாப்பாட்டுக்குக் கிளம்பியது. ராய்ஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியருகே நின்றார். தொட்டி போயிற்று. ஆனால் டெல்மர் கேட்டதைச் செய்தாயிற்று. இரண்டு வருஷம் தாமதம், அவ்வளவுதான். அப்படித்தான் நினைத்துக்கொண்டார்.

பக்கத்து ஊர் டயர் கடை கார்லீன் உருளைக்கிழங்கு சாலட் பாத்திரத்தோடு வந்தாள். சக்கரங்களைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இத யாரு மாட்டினது?"

"நான்தான். அவன் ஆசைப்பட்டு வாங்கினது."

கார்லீன் பாத்திரத்தை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"வர்ற திங்கக்கெழம நான் இத எடுத்துட்டுப் போக வர்றதா இருந்துச்சு, ராய்ஸ். போன வாரம் டெல்மர் போன் பண்ணாரு. 'திருப்பி எடுத்துக்கோ கார்லீன், என் தம்பி சொன்னதுதான் சரி, இத மாட்டினா நான் எங்க படுக்கறது'ன்னாரு."