லோரியில் ஏறிய கடிகாரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆட்டுக்கறிக் குழம்புக்குள் பந்து விழுந்ததற்கு நான் காரணம் இல்லை. பல வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் காது கொடுப்பதாக இல்லை. கோலா சிலாங்கூர் பக்கம் கல்யாணம், புதுநன்மை என்று எங்கே போனாலும், "பந்து போட்ட டீச்சர்தானே நீங்க?" என்று பல்லைக் காட்டிக்கொண்டு ஒருவர் வந்து நிற்கிறார். பந்தைப் போட்டது என் நாத்தனார் புருஷன். ஆனால் பெயர் எனக்கு.

அப்போது நான் இயற்பியல் பட்டம் வாங்கிய சூட்டோடு கோலா சிலாங்கூரில் ஓர் இடைநிலைப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. சேவியருக்கும் எனக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள், தேதி மட்டும் வைக்கவில்லை. சேவியர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். அவருடைய அம்மா ஆரோக்கியமேரி அத்தை, எங்கள் தேவாலயத்தில் எந்த விருந்து நடந்தாலும் தலைமைச் சமையல். உப்பு சரியா இல்லையா என்பதை ஃபாதரே அவரிடம் பயந்து பயந்துதான் சொல்வார்.

முதல் தடவை அவர்கள் வீட்டுக்குப் போனபோது, உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில் அத்தை கேட்டார்.

"நாலு வருசம் யூனிவர்சிட்டியில என்னாம்மா படிச்சே?"

"இயற்பியல் அத்தை."

"அதுல என்னா சொல்லித் தராங்க?"

புத்தியுள்ள பெண்ணாக இருந்தால் 'கரண்டு, காந்தம்' என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்திருப்பாள். எனக்குத்தான் தலை நிறையப் படிப்பு இருந்ததே! "வேகமா போற கடிகாரம் மெதுவா ஓடும் அத்தை. வெளிச்சத்தோட வேகத்துக்குப் பக்கத்துல போனா நேரமே நீண்டுடும்" என்றேன்.

அத்தை பலகாரத் தட்டைக் கீழே வைத்தார். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அது ரிப்பேர் கடிகாரமா இருக்கும்மா. சுங்கை பெசார்ல ஒரு கடை இருக்கு. பேட்டரி மாத்திக் குடுப்பாங்க."

கூடமே சிரித்தது. சேவியரும் சிரித்தார். (அதை நான் தனியாகக் குறித்துவைத்துக்கொண்டேன்.) அதுகூடப் பரவாயில்லை. நான் செருப்பு மாட்டும்போது உள்ளே அத்தை யாரிடமோ சொன்னார்: "நல்ல பொண்ணுதான். ஆனா வெளங்கற மாதிரி ஒண்ணும் சொல்லத் தெரியல."

ஒரு டீச்சரைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா இது?

அடுத்த மாதம் செம்பனைத் தோட்டத்துத் திடலில் தேவாலயக் குடும்ப விழா. இளைஞர்கள் நிகழ்ச்சி தரலாம் என்று ஃபாதர் சொன்னதும் நான் கையைத் தூக்கினேன். 'நேரம் எப்படி நீளும்? நேரடி விளக்கம்.'

"ஆபத்து ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார் ஃபாதர்.

"ஒரு பந்து, ஒரு லோரி. அவ்வளவுதான் ஃபாதர்."

இந்த இடத்தில் வாசகர்களாவது என் பக்கத்து நியாயத்தைக் கேட்க வேண்டும். மேலே ஒரு கண்ணாடி, கீழே ஒரு கண்ணாடி. நடுவில் வெளிச்சம் மேலும் கீழும் போய் வருகிறது. ஒரு தடவை போய் வந்தால் ஒரு 'டிக்'. இது ஒரு கடிகாரம். இதை லோரியில் ஏற்றி ஓட்டினால், லோரியில் இருப்பவருக்கு வெளிச்சம் நேராக மேலே போய் நேராகக் கீழே வரும். தரையில் நிற்கிற நமக்கோ, அது ஏறி இறங்குவதற்குள் லோரி நகர்ந்துவிடுவதால், சாய்வாகப் போய்ச் சாய்வாக வரும். சாய்வான பாதை நீளமானது. பந்தாக இருந்தால் லோரியின் வேகமும் அதோடு சேர்ந்துகொள்ளும், கணக்கு சரியாகிவிடும். வெளிச்சம் யாருடைய தயவையும் ஏற்காது. யார் பார்த்தாலும் அதற்கு ஒரே வேகம், நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர். அதே வேகத்தில் நீளமான பாதையைக் கடந்தால் அதிக நேரம் ஆகத்தானே வேண்டும்? ஆகவே, ஓடும் லோரியில் உள்ள கடிகாரம் நமக்கு மெதுவாக ஓடும். இதில் ரிப்பேர் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்!

வெளிச்சத்துக்குப் பதில் ஆரஞ்சு நிறக் கூடைப்பந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். லோரியின் பின்னால் நின்று அதைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் பொறுப்பு, சேவியரின் அக்கா புருஷன் அந்தோணி அண்ணனுக்கு. சேவியரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்.

"ஒரே வேகம். பிரேக்க மட்டும் தொடவே கூடாது."

"சரி லா. எத்தனவாட்டி சொல்லுவ?"

மேலே சொன்ன விளக்கம் முழுவதையும் மைக்கில் சொல்லிவிட்டுத் தொடங்கினோம். முதல் சுற்று அற்புதமாக நடந்தது! லோரி மெதுவாக ஊர்ந்தது, அந்தோணி அண்ணன் பந்தைத் தூக்கிப் போட்டார், பிடித்தார். நான் மைக்கில் கேட்டேன்: "பந்து எப்படிப் போச்சு?"

"சாஞ்சு போச்சு!" என்றது கூட்டம்.

"அண்ணே, உங்களுக்கு?"

"நேரா மேல போயி நேரா கைக்கு வந்துச்சு!"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. உலு யாமிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து நின்று கை தட்டினார். என் வாழ்க்கையிலேயே பெருமையான நிமிடம் அதுதான். அதோடு மைக்கை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வேகம் கூடினால் சாய்வும் கூடும் என்று காட்டாமல் விட்டால் அது அரைகுறை விளக்கமாகிவிடாதா?

"சேவியர், இன்னும் கொஞ்சம் வேகமா!"

திடலின் கோடியில் கூடாரம் போட்டுச் சமைத்துக்கொண்டிருந்த அத்தை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். மகன் லோரியை விரட்டிக்கொண்டு வருகிறான். மருமகன் எதையும் பிடிக்காமல், வானத்தைப் பார்த்தபடி பின்னால் நிற்கிறார். கையில் கரண்டியோடு அத்தை திடலுக்குள் ஓடி லோரிக்கு எதிரே நின்றார்.

"டேய், நிறுத்துடா! மாப்ள விழுந்துருவாரு!"

பிரேக்கைத் தொடுவதில்லை என்று எனக்குக் கொடுத்த வாக்கா, அம்மாவா? சேவியர் அம்மாவைத் தேர்ந்தெடுத்தார். (மகனாக முழு மதிப்பெண், ஆய்வுக்கூட உதவியாளராகப் பூஜ்ஜியம்.)

லோரி நின்றது. அந்தரத்தில் இருந்த பந்துக்கு லோரி நின்றுவிட்ட செய்தி யாரும் சொல்லவில்லை. அது வந்த வேகத்திலேயே டிரைவர் தலைக்கு மேல் பறந்து, அத்தையைத் தாண்டி, கூடாரத்துக்கு முன்னால் தரையில் ஒரு குத்துக் குத்தி எழும்பி, நேராகக் குழம்புச் சட்டிக்குள் இறங்கியது. செம்பனை எண்ணெய் ஊறிய பலகையில் அந்தோணி அண்ணன் உட்கார்ந்தபடியே வழுக்கிக்கொண்டு போய் முன்பக்கத் தகரத்தில் முட்டி நின்றார். அடி ஒன்றும் இல்லை, கால்சட்டைதான் போயிற்று. சாப்பாடு தயாரா என்று பார்க்க வந்த ஃபாதரின் வெள்ளை அங்கியில் குழம்பு இடுப்பு உயரம் வரை ஏறியிருந்தது.

பந்து சட்டிக்குள் மெல்லச் சுற்றிக்கொண்டு மிதந்தது, உச்சியில் ஒரு கறிவேப்பிலையோடு.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் மைக் கையில் இருந்தது.

"பாத்தீங்களா? லோரி நின்னாலும் பந்து நிக்கல! இதுவும் இயற்பியல்தான்!"

ஒருவரும் கை தட்டவில்லை. உலு யாம் பெரியவர் உட்கார்ந்துவிட்டார்.

குழம்பைக் கொட்டிவிட்டு, தோட்டத்துக் கடையில் இருந்த சார்டின் டின்களையெல்லாம் வாங்கி வந்தோம். நான் வெங்காயம் உரித்தேன். என் கண்ணில் வந்த தண்ணீர் முழுவதும் வெங்காயத்தால் வந்ததல்ல. பக்கத்தில் நின்ற அத்தை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"நேரம் நீளும்னு சொன்னே, நான்தான் நம்பாம போயிட்டேன். பகல் சாப்பாடு இப்ப டீ நேரத்துக்குப் போயிருச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். சேவியரும். (இரண்டாவது தடவை.)

ராசா என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அம்மா அழுதார். "ஃபாதர் மேலயே குழம்ப ஊத்திட்டியேடி. இனிமே அந்த வூட்டுல உன்ன எடுப்பாங்களா?" அதன் பிறகு அங்கிருந்து ஒரு ஃபோன் இல்லை. சேவியரின் வாட்ஸ்அப்பும் மௌனம். ஆனால் வீடியோ மட்டும் ஊர் முழுக்கச் சுற்றியது. நான் பாடுபட்டுச் சொன்ன விளக்கம் முழுவதையும் வெட்டிவிட்டு, பந்து பறப்பதிலிருந்து தொடங்கி, பின்னணியில் மேளம் வேறு சேர்த்திருந்தார்கள்!

வாரக் கடைசியில் எங்கள் வாசலில் அதே லோரி வந்து நின்றது. அத்தை இறங்கினார். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று அம்மா ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் மன்னிப்பு கேட்கத் தொண்டையைச் சரிசெய்தேன்.

"ஒரு சந்தேகம்மா" என்றார் அத்தை. "நாலு நாளா தூக்கமில்ல. பந்துன்னா லோரி வேகம் சேந்துக்கும்னு சொன்னே. வெளிச்சத்துக்கு மட்டும் ஏன் சேராது?"

அவ்வளவு பெரிய திடலில் ஒருத்தர்கூடக் கேட்காத கேள்வி. கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி.

"அது அப்படித்தான் அத்தை. பல பேரு அளந்து பாத்துட்டாங்க. ஓடிக்கிட்டே அளந்தாலும், நின்னுக்கிட்டு அளந்தாலும் ஒரே வேகம்தான்."

அத்தை தேநீரை ஆற்றிக் குடித்தார். "அப்ப ரெண்டுல ஒண்ணு வளைஞ்சு குடுக்கணும். வெளிச்சம் குடுக்காது. அப்ப நேரந்தான் குடுக்கணும். அதானே?"

"அதேதான் அத்தை!"

"இத அன்னைக்கே இப்படிச் சொல்லியிருக்கலாமே. எதுக்கு லோரி?"

தமுக்கு அடிக்காத குறையாக அதைத்தான் நான் மைக்கில் சொன்னேன். ஆனால் அத்தை அதற்குள் அம்மாவிடம் கல்யாணத் தேதி பேசத் தொடங்கியிருந்தார். விருந்துக்குத் தானே சமைப்பதாகச் சொன்னார்; நான் திடல் பக்கம் வரக்கூடாது என்பதுதான் ஒரே நிபந்தனை.

கல்யாணம் ஆனது. அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. எங்கள் குடும்பத்தில் எந்த விருந்தானாலும், சாப்பிட்டு முடித்ததும் யாராவது, "அத்தை, அந்த லோரிக் கதை" என்று எடுத்துக்கொடுப்பார்கள். அத்தை ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்து, கூடத்தின் குறுக்கே நடந்துகொண்டே தூக்கிப் போட்டுப் பிடிப்பார். நேர்ப் பாதை, சாய்வுப் பாதை, வளையாத வெளிச்சம், வளைகிற நேரம், ஒன்றும் விடாமல் சொல்லி முடித்து, "என் மருமகளும் இதத்தான் லோரி வச்சுக் காட்டப் பாத்தா. பாவம், அவளுக்குச் சரியா சொல்ல வரல" என்று என் தோளைத் தட்டிக்கொடுப்பார்.

போன கிறிஸ்துமஸ் விருந்துக்கு என் ஆறாம் படிவ மாணவி ஒருத்தி வந்திருந்தாள். எலுமிச்சம்பழம் ஏறி இறங்குவதை வாய் பிளந்து பார்த்தவள், என்னிடம் வந்து காதோடு கேட்டாள்.

"டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க அத்தை டியூஷன் எடுப்பாங்களா?"

சேவியர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.