பச்சையம்மாளைக் கேட்காமல் எழுதிய படிவம்

என் கையெழுத்து அழகாக இருந்ததால் ஒரு உயிர் போகப் பார்த்தது. பிள்ளைகளே, இதை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உங்கள் அம்மா சொன்னால் இன்னும் மோசமாகச் சொல்வாள்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டு மறியல் நடந்த வருஷங்கள் அவை. கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரிடம் எழுத்து வேலை பார்த்தேன். (கையெழுத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். மூளையைப் பார்க்க மறந்துவிட்டார்.)

அவர் பக்கவாத நோயாளிகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். மூளைக்குப் போகும் ரத்தம் அடைபட்டால் கை கால் விழும். ஆனால் அடைப்புக்குக் காரணம் ஆளுக்கு ஆள் வேறு. சிலருக்குக் கழுத்து ரத்தக்குழாயில் கொழுப்பு. சிலருக்கு சர்க்கரை, பிரஷரால் மூளைக்குள் இருக்கும் மெல்லிய குழாய் கெட்டுப்போயிருக்கும். சிலருக்கு இதயத்தில் உறைந்த ரத்தக்கட்டி மேலே போய் அடைத்துக்கொள்ளும். எந்த வகை எப்படிப்பட்டவர்களுக்கு வருகிறது என்று அவர் ஒப்பிட்டுப் பார்க்க, நான் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்ப வேண்டும்.

ஆண்களிடம் தைரியமாகக் கேட்டேன். பெண்களிடம் மரியாதை குறுக்கே வந்தது. அடுத்தவர் மனைவியிடம் போய், ‘உங்களுக்கு நெஞ்சு படபடக்குமா?’ என்று இருபத்திரண்டு வயதுப் பையன் எப்படிக் கேட்பது? கணவரையே கேட்டு எழுதினேன்.

சங்கராபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பச்சையம்மாள் என்று ஒருவர். முப்பத்தைந்து வயது. இடது கை, கால் விழுந்து, வாய் கோணிக் கட்டிலில் கிடந்தார். அவர் கணவர் கலியபெருமாள் வாசலிலேயே பதில் சொன்னார்.

“அதுக்கு ஒரு நோவும் இல்ல தம்பி. போன வாரம் வரிக்கும் களை வெட்டிக்கினு இருந்துச்சு. எழுதிக்க.”

உள்ளே பச்சையம்மாள் ஏதோ முனகினார்.

“தண்ணி கேக்குது,” என்றார் கலியபெருமாள்.

எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று முத்து முத்தாக எழுதினேன்.

மறுநாள் டாக்டர் நர்ஸ்கள் எதிரிலேயே படிவங்களைப் புரட்டினார்.

“ஆம்பளைங்களுக்கு பீடி, சாராயம், சர்க்கரை, பிரஷர். நாலு பொம்பளைங்களுக்கு மட்டும் ஒண்ணுமே இல்ல. இவங்கல்லாம் வேண்டுதலுக்காக விழுந்தாங்களாய்யா?”

நர்ஸ்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“ரோடெல்லாம் மரம் கெடக்கு, பஸ் இல்ல. இருக்கறது ஒரு ஜீப். நெஞ்சுல கோளாறு இருந்தா இன்னொரு கட்டி எப்ப வேணா கிளம்பும், ஆளே போயிடும். நாலுல எந்த வீட்டுக்கு நான் ஜீப் அனுப்பறது? சின்ன வயசுக்காரங்க பச்சையம்மா. அவங்ககிட்டயே முதல்ல கேட்டுக்கினு வா.”

சைக்கிளை மிதித்தேன். வழியில் வெட்டிப் போட்ட புளியமரத்தருகே மறியல்காரர்கள் நிறுத்தினார்கள்.

“இன்னா தம்பி, எங்க?”

“ஒரு அம்மாவுக்கு மூச்சு வாங்குதான்னு கேக்கணும்ணே.”

“ஊரே பத்திக்கினு இருக்குது, இவரு மூச்சு வாங்குதான்னு கேக்கப் போறாராம்!” என்று சொல்லிக்கொண்டே ஒருவர் என் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப்பக்கம் வைத்தார்.

இந்த முறை கட்டிலருகே உட்கார்ந்து கேட்டேன். பச்சையம்மாள் குழறிக் குழறிச் சொன்னார். சின்ன வயதில் காய்ச்சலோடு முட்டி முட்டியாக வீங்கியதாம். கரியாலூர் மலை மேடு ஏறும்போது பாதியிலேயே மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டாராம். நெஞ்சு படபடப்பு பல வருஷமாக உண்டாம்.

கலியபெருமாள் வாசலிலிருந்து உள்ளே வந்தார். “இன்னாமே இது! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

“நீ கேட்டியா?”

அது மட்டும் குழறாமல் வந்தது.

பொழுது சாய்வதற்குள் ஜீப் போனது. மறியல்காரர்களே மரத்தைப் புரட்டி வழிவிட்டார்கள். அந்தச் சின்ன வயதுக் காய்ச்சலில் இதய வால்வு சுருங்கி, அங்கே உறைந்த கட்டிதான் மூளைக்குப் போயிருக்கிறது என்று டாக்டர் கண்டுபிடித்தார். காலைச் சற்று இழுத்தாலும், பின்னாளில் பச்சையம்மாள் தன் மகள் கல்யாணத்துக்குத் தானே நடந்து வந்து எனக்குப் பத்திரிகை வைத்தார்.

மீதி மூன்று வீடுகளுக்கும் திரும்பப் போய்க் கேட்டேன். மூன்று படிவங்களும் மாறின.

கல்யாணமான புதிதில் இந்தக் கதையை உங்கள் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் என் இடம் வெளியே பெஞ்சுதான். நான் கதவருகே தலையை நீட்டினால் போதும், உள்ளேயிருந்து குரல் வரும்: “நீங்க அங்கயே உக்காருங்க. நோவு எனக்கு!”